ஆடிப் பதினெட்டு, ஏழே முக்கால்

ஆனி பிறந்த இரண்டாம் நாள் ஹர்ஷினி முதலாளியின் அறைக்குப் போய், நம்முடைய ஆர்டர் சிஸ்டத்தை நோட்டிலிருந்து பன்னுக்கு மாற்றிவிடலாம் என்று சொன்னாள். சங்கரபாண்டியன் கையிலிருந்த முருகன் படத்தைக் கீழே வைத்துவிட்டு, எந்தப் பன், டீக்கடைப் பன்னா என்று கேட்டார். அறையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். ஹர்ஷினியும் சிரித்தாள். பாண்டிச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

சிவகாசியில் காலண்டர் போடுகிற கம்பெனி அது. கீழே அச்சு மெஷின்கள், மாடியில் ஆபீஸ். ஊர் ஊராக இருக்கிற ஏஜென்டுகள் ஆல்பத்தில் படத்தைப் பார்த்து, எந்தக் கடைக்கு எந்தப் படம், அடியில் என்ன பெயர் போட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் அனுப்புவார்கள். பெயரைப் படத்தோடு சேர்த்து ஒரு பிரூஃப் அவர்களுக்குத் திரும்பிப் போகும். அந்தச் சிஸ்டத்தை ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவள் பாண்டிச்செல்வி. விருதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற ஹர்ஷினி வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்தான் ஆகிறது.

நோட், பன் இரண்டும் எழுதிய புரோகிராமை ஓட்டுகிற மென்பொருள்கள், அதெல்லாம் முதலாளிக்கு எப்படிப் புரியும்? ஹர்ஷினி கெட்டிக்காரி. கீழே ஓடுகிறதை வைத்தே சொன்னாள்.

"பிளேட் அதேதான் அண்ணாச்சி. நாங்க எழுதுனது எதுவும் மாறாது. அதை ஓட்டுற மெஷினைத்தான் மாத்துறோம். நோட் பழைய மெஷின். பன் புதுசு, வேகமா ஓடும்."

"பழைய மெஷின் மக்கர் பண்ணுனா தெருவுக்கு ஒரு மெக்கானிக் இருக்கான். புதுசுக்கு ஆளு எங்கன இருந்து வரும்?"

அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. புதுசும் வந்து சில வருஷம் ஆகிவிட்டது, பெரிய பெரிய இடங்களில் ஓட்டுகிறார்கள், கேட்டால் சொல்ல ஆள் உண்டு என்றாள். எல்லாவற்றுக்கும் மேலே, வருஷா வருஷம் ஆடிப்பெருக்கு அன்றைக்கு நிற்கிறதே, அது நிற்காது என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். பாண்டிச்செல்வியைப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்றார். பார்த்துச் சொல்கிறேன் என்றாள் அவள்.

"பாக்குறதை வெரசாப் பாரு. மாத்துறதா இருந்தா ஆனிக்குள்ள மாத்திருங்க. ஆடி பொறந்துட்டா புதுசா எதையும் தொடக்கூடாது."

ஆடிப் பதினெட்டுக்குத்தான் சிவகாசியில் புது வருஷத்து ஆல்பம் வெளியாகும். சாமி முன்னால் ஆல்பத்தை வைத்துச் சூடம் காட்டி, அன்றைக்கே முதல் ஆர்டரை வாங்குவார்கள். கொடுக்கிற ஏஜென்டும் சும்மா கொடுக்கமாட்டான். நல்ல நேரம் பார்ப்பான். நல்ல நேரத்தை எங்கே பார்ப்பான் என்றால், இவர்கள் போட்ட தினசரிக் காலண்டர்த் தாளில்தான். காரியாபட்டிக்காரனும் கன்னியாகுமரிக்காரனும் ஒரே தாளைப் பார்த்துக்கொண்டு, ஒரே நிமிஷத்துக்குக் காத்திருந்து, ஒன்றாக விரலை அழுத்துவார்கள். கிழமைக்குத் தக்கபடி நேரம் மாறும். சிஸ்டம் நின்றுபோவது மட்டும் மாறாது.

நின்றதும் பாண்டிச்செல்வி காளீஸ்வரனைக் கூப்பிடுவாள்.

காளீஸ்வரன் முதலாளிக்கு அக்கா மகன். சிஸ்டத்தை முதலில் எழுதினவர்கள் அவனும் அவளும்தான். இதே மாடியில், இதே ஜன்னலோரத்தில், மூன்று வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பிறகு அவன் ஜெர்மனிக்குப் போய்விட்டான், ஹாம்பர்க்கில் வேலை. போய் ஆறு வருஷம். ஆடிப் பதினெட்டு அன்றைக்கு மட்டும் அங்கே விடியுமுன் நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பான். முதல் மணியிலேயே எடுப்பான். அங்கிருந்து அவன் சிஸ்டத்தை நிறுத்தி மறுபடி கிளப்புவான், இங்கிருந்து இவள் யார் யார் ஆர்டர் தொங்குகிறது என்று வாசிப்பாள். ஒரு தடவை கிளப்ப நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. பேசலாம்.

என்ன பேசினார்கள்? பெரிதாக ஒன்றுமில்லை. மழை உண்டா என்று கேட்பான். இங்கே ஆடியில் ஏது மழை, காற்றுதான் என்பாள். சைக்கிள் வாங்கியிருக்கிறேன் என்று ஒரு வருஷம் சொன்னான். மறு வருஷம் அந்தச் சைக்கிளைத் தொலைத்துவிட்டேன் என்றான். வீட்டுக்கார அம்மா பூண்டு வாசனை ஆகாது என்கிறாள், அதனால் ரசம் வைப்பதை நிறுத்திவிட்டேன் என்றான். அதைக் கேட்டதிலிருந்து பாண்டிச்செல்விக்கு ரசம் ஊற்றிச் சாப்பிடும்போதெல்லாம் ஒரு கணம் கை நின்றுவிடும். இடையிலே சிஸ்டம் கிளம்பிவிடும். நாலு ஆர்டர் ஓடும், மறுபடி நிற்கும். இன்னொரு நாலு நிமிஷம். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம் வரும். அதற்காக அவள் பதினோரு மாசத்துக்கு மேல் காத்திருந்தாள்.

மற்ற நாளில் பேசினால் என்ன? எதைச் சொல்லிப் பேசுவது. அவன் முதலாளி வீட்டுப் பிள்ளை. இவள் அம்மா சின்னத்தாய் விஸ்வநத்தத்துப் பட்டாசு ஆபீசில் சரவெடி பின்னுகிறவள். பொங்கலுக்கு அவன் ஒரு வாழ்த்துப் படம் அனுப்புவான், இவள் கைகூப்புகிற படம் ஒன்று அனுப்புவாள், அவ்வளவுதான். ஆபீசில் எல்லோரும் அவனைக் காளி அண்ணே என்பார்கள். இவள் ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. பெயரும் சொன்னதில்லை. இங்க பாருங்க என்றுதான் ஆரம்பிப்பாள்.

முப்பத்தொன்று முடிந்துவிட்டது அவளுக்கு. அச்சங்குளம் பக்கம் ஒரு வரன் இருக்கிறது, ஆவணியில் வந்து பார்க்கிறோம் என்கிறார்கள் என்று சின்னத்தாய் வாரம் ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தாள். போன வாரம் சொல்லவில்லை, கேட்டாள்.

"யாருக்காகத்தான்டி காத்துக்கிட்டுக் கெடக்க? ஆளையாச்சும் சொல்லு."

சொல்லலாம்தான். சொன்னால் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள்.

ஹர்ஷினியும் அவளுமாக உட்கார்ந்து புதுசை ஓட்டிப் பார்த்தார்கள். எழுதியிருந்ததில் முக்கால்வாசியைப் பன் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டது. முப்பது ஆர்டரைச் சேர்த்து அனுப்பினார்கள். நோட்டை விடச் சுருக்காக முடித்தது. ஹர்ஷினிக்கு முகமெல்லாம் பல். பாண்டிச்செல்விக்குக் கணக்கு வேறாக ஓடியது. அப்படியானால் இந்த வருஷம் அவனைக் கூப்பிட வேண்டியதே இல்லை. பிறகு வேறு மாதிரியும் நினைத்தாள். புதுசுதானே, அன்றைக்குப் பார்த்து எங்காவது இடறாதா, இடறினால் கூப்பிடலாமே. இப்படி நினைத்ததும் அவளுக்கே தன்மேல் வெறுப்பாக வந்தது.

ஆடிப்பெருக்குக்கு வருகிற மாதிரியே நானூறு ஆர்டரை ஒரே நிமிஷத்தில் அனுப்பிப் பார்ப்போம் என்றாள் ஹர்ஷினி. அனுப்பினார்கள். புதுசும் நின்றது. கொஞ்சம் பிந்தி நின்றது, ஆனால் நின்றது.

ஹர்ஷினி விடுகிற பெண் இல்லை. வேகமான மெஷினும் நிற்கிறது என்றால் கோளாறு மெஷினில் இல்லை என்று சொல்லிக்கொண்டே எழுதியதைத் தோண்ட ஆரம்பித்தாள். இரண்டாம் நாள் மத்தியானம், சாப்பிட்ட கை காய்வதற்குள், பிரூஃப் போடுகிற இடத்துக்கு வந்துவிட்டாள். விஷயம் சின்னதுதான். கடையில் கவுன்டரில் ஒரே ஆள் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தர் பிரூஃப் கேட்டால் அவனே உள்ளே போய்ப் போட்டு எடுத்துவருகிறான். அதுவரை வரிசை முழுக்க நிற்கிறது. சாதாரண நாளில் தெரியாது. நானூறு பேர் வந்தால் தெரியும். பிரூஃப் போட உள்ளே தனி ஆளை வைத்துவிட்டால் கவுன்டர் நிற்காது. ஒரு மத்தியான வேலை. நோட்டிலேயே செய்யலாம்.

"அக்கா, இந்த எடத்தை நீங்க பாத்ததே இல்லையா?"



"பாத்திருக்கேன்."

"எப்ப?"

"ரெண்டு வருசம் ஆச்சு."

உண்மைதான். ஒரு கார்த்திகை மாசத்தில் வேறு எதையோ தேடப் போய் இதில் முட்டிக்கொண்டாள். அன்றைக்கே திருத்தியும் எழுதினாள். சேமிக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது அந்த நாலு நிமிஷங்கள் நினைவுக்கு வந்தன. எழுதியதை அழித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஹர்ஷினி நாற்காலியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஆடிப்பெருக்குக் கதையெல்லாம் ஆபீசில் அவளுக்கும் சொல்லியிருக்கிறார்கள். பிறகு மெதுவாக, காளி அண்ணனுக்கு இந்த இடம் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது, பிரூஃப் பக்கம் முழுக்க நான் எழுதினது, அவருக்கு அதில் பழக்கமில்லை என்றாள் பாண்டிச்செல்வி.

"எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன்க்கா. பன்னுக்கு மாத்தும்போதே இதையும் சேத்து மாத்திருவோம். நோட்டுதான் காரணம்னு போயிரும். யாருக்கும் தெரியாது."

நல்ல யோசனை. அன்பாகவும் சொன்னாள். பாண்டிச்செல்வி யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்ததெல்லாம் வேறு. எதையுமே மாற்றாமல் விட்டுவிட்டால், புதுசு சரியில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டால், இந்த ஒரு வருஷம் மட்டும் கிடைக்கும். ஒரே ஒரு வருஷம். ஆவணியில் அச்சங்குளத்துக்காரர்கள் வந்த பிறகு அடுத்த ஆடிக்கு எங்கே இருப்பாளோ. நான்கு நாள் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தாள். ஹர்ஷினி எதுவும் கேட்காமல், ஆனி முடிய இன்னும் பதினோரு நாள், பத்து நாள் என்று காலண்டரைக் கிழிக்கும்போது மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் காரியாபட்டியிலிருந்து முருகம்மாள் போன் செய்தாள். நாற்பது கடைக்கு ஆர்டர் பிடிக்கிற ஏஜென்ட் அவள். புருஷன் பார்த்த வேலையை, அவர் போனபிறகு கையிலெடுத்தவள். போன வருஷம் அவள் மகள் புதுசாகத் தையல் கடை போட்டிருந்தாள். முதல் ஆர்டர் மகள் கடைப் பெயருக்கு என்று நினைத்து, சனிக்கிழமை ஏழே முக்காலுக்குக் குளித்து விளக்கேற்றி அழுத்தினாள். ஆர்டர் விழுந்தபோது மணி ஒன்பது பத்து. ராகு காலம். மறுநாளே பஸ் பிடித்து சிவகாசிக்கு வந்து, முதலாளி முன்னால் நின்று, அந்த ஆர்டரை அழித்துவிட்டு வேறு நல்ல நாளில் போட முடியுமா என்று கேட்டாள். குறை சொல்லவில்லை. பச்சைக் கரை வைத்த சேலை உடுத்தி, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் பாண்டிச்செல்விதான் அதை அழித்துக்கொடுத்தாள்.

இப்போதும் முருகம்மாள் குறை சொல்லவில்லை. பேத்தி பிறந்திருக்கிறாள், மகள் கடை நன்றாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டாள்.

"இந்த வருசமாச்சும் நேரத்துக்கு விழுமா தாயி?"

"விழும்மா," என்றாள் பாண்டிச்செல்வி. போனை வைத்துவிட்டு நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

"மாத்த வேண்டாம் அண்ணாச்சி. குத்தம் நோட்டு மேல இல்ல. நான் எழுதுனதுல இருக்கு. ஒரு மத்தியானத்துல சரிபண்ணிருவேன்."

"எம்புட்டு நாளா இருக்கு?"

"மொதல்ல இருந்தே இருக்கு. நான் பாத்து ரெண்டு வருசம்."

சங்கரபாண்டியன் கண்ணாடியைக் கழற்றினார்.

"முருகம்மா வந்து நின்னப்ப நீயும் இங்கனதான நின்ன?"

"நின்னேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. ஆல்பத்தில் இரண்டு பக்கம் புரட்டினார். அப்போ ஹர்ஷினி சொன்ன புதுசு வேண்டவே வேண்டாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல முடியாது, நல்லதுதான் என்றாள் பாண்டிச்செல்வி. தை பிறந்ததும் பேப்பர் ஸ்டாக் கணக்கை அதில் போட்டு ஒரு வருஷம் ஓட்டிப் பார்க்கலாம். பழசு எங்கே முனகும், எங்கே நிற்கும் என்று ஒன்பது வருஷமாக நமக்குத் தெரியும். ஆடிப்பெருக்கு அன்றைக்குப் பரீட்சை வைக்க வேண்டாம். அவர் சரி என்று தலையை ஆட்டினார். வேலையை விட்டுப் போகச் சொல்லவும் இல்லை. அவள் கதவருகே போனபோதுதான் சொன்னார்.

"காளிக்கு இந்த வருசம் போன் போட வேண்டாம் செல்வி. அவன் தூங்கட்டும்."

ஆனி இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் திருத்தத் தொடங்கி நாலரை மணிக்கு முடித்தாள். ஹர்ஷினி பக்கத்திலேயே இருந்து பார்த்தாள். நானூறு அனுப்பினார்கள், பிறகு எண்ணூறு அனுப்பினார்கள். நிற்கவில்லை. தை மாசத்துக்குப் பன் எனக்கு என்று ஹர்ஷினி எழுதிவாங்காத குறையாகச் சொல்லிவைத்தாள்.

ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை வந்தது. கீழே மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்திருந்தார்கள். ஆல்பத்துக்குச் சூடம் காட்டி மணியடித்தது மாடிக்குக் கேட்டது. ஏழே முக்கால் ஆனதும் திரையில் ஆர்டர்கள் விழ ஆரம்பித்தன. சாத்தூர், கோவில்பட்டி, நாகர்கோவில், தேனி என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. பாண்டிச்செல்வி காரியாபட்டியைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். ஏழு நாற்பத்தாறுக்கு அது விழுந்தது, மகள் தையல் கடைப் பெயரில். ஏழு ஐம்பத்து மூன்றுக்கு நானூற்றுப் பன்னிரண்டு ஆர்டரும் முடிந்து, பிரூஃப்களும் போய்ச் சேர்ந்துவிட்டன.

"நிக்கலக்கா," என்றாள் ஹர்ஷினி, யாருக்கும் கேட்காத குரலில்.

கீழே கேசரியும் வடையும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி அம்மாவே இலை போடுகிறார், வாங்க என்று வந்து கூப்பிட்டார்கள். நீ போ, வருகிறேன் என்றாள் பாண்டிச்செல்வி. ஹர்ஷினி அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, போகும்போது கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

செய்வதற்கு ஒன்றுமில்லை. எட்டு மணி ஆயிற்று. மணியைப் பார்த்தால் அதிலிருந்து மூன்றரையைக் கழிப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அங்கே நாலரை. தூங்கிக்கொண்டிருப்பான். போர்வையை இழுத்துவிட ஆளில்லாத ஊரில் நன்றாகத் தூங்கட்டும் என்று நினைத்தாள். எட்டேமுக்காலுக்கு நல்ல நேரம் முடிந்தது. திரை வெறுமனே கிடந்தது. போன வருஷம் இந்நேரம் பத்தாவது தடவையோ என்னவோ கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது அவன் என்ன சொன்னான் என்று யோசித்துப் பார்த்தாள். என்ன சொன்னான் என்பது வரவில்லை, தொண்டையைச் செருமியதுதான் நினைவுக்கு வந்தது.

ஒன்பதே காலுக்கு அவளுடைய போன் அடித்தது.

"என்ன, இன்னைக்கு நிக்கலையா?"

"நிக்கல."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட."

எப்படி என்று கேட்டான். பிரூஃபைத் தனியாகப் பிரித்துவிட்டதைச் சொன்னாள். அதுதானா, இத்தனை வருஷமும் அதுதானா என்று இரண்டு தடவை சொன்னான். நல்ல வேலை செய்தாய் என்றான். வைத்துவிடப்போகிறான் என்று அவள் நினைத்தாள்.

"நாலு மணியில இருந்து போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், பாண்டி. இப்பக் கூப்பிடுவ, இப்பக் கூப்பிடுவன்னு."

"நீங்க கூப்பிட்டிருக்கலாமே."

"நிக்காம எதைச் சொல்லிக் கூப்பிட?"

பாண்டிச்செல்வி எழுந்து நின்றாள். ஏன் எழுந்தாள் என்று தெரியவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாருங்க. அந்த எடம் எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும்."



"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா போன வருசம் நாம பேசியிருக்க மாட்டோம்."

அங்கே ஏதோ ஒரு பறவை விடாமல் கத்திக்கொண்டிருந்தது கேட்டது. நாற்காலி நகர்ந்தது. எழுந்துவிட்டானா, உட்கார்ந்தானா தெரியவில்லை. படிக்கட்டில் யாரோ பாதி ஏறி நின்று, கேசரி தீரப்போகிறது, இறங்கி வா என்று கூப்பிட்டார்கள். போனை விலக்கிக்கொண்டு, எனக்கு வேண்டாம் என்று சொன்னாள்.

"போகணுமா?" என்றான்.

"இல்ல."

மறுபடி இரண்டு பேரும் பேசாமல் இருந்தார்கள். கிளப்ப வேண்டிய சிஸ்டம் இல்லை, வாசிக்க வேண்டிய பெயர்கள் இல்லை. ஒன்பது நிமிஷம், பத்து நிமிஷம் என்று போனில் எண் ஏறிக்கொண்டிருந்தது. அவன் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.